காத்தில்லாத ஊரில ஒரு பெனல்டி

உண்மையைச் சொன்னா, இதை எழுதாமலே விடப் பாத்தனான். தோத்த கதையை ஆர் வாசிக்கப் போறாங்கள்? அதுவும் நான் எழுதினதை எங்கட தமிழ் ரீச்சர் கண்டாவெண்டா சிவப்புப் பேனையோட என்ர ஓட்டோவைத் துரத்திக்கொண்டு வருவா. ஆனா நேத்து முருங்கனுக்கு ஒரு ஹயர் போகேக்க, பின்னுக்கு இருந்த ஐயா முழங்காலுக்கு நோ எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார். அந்த மணம் மூக்கில ஏறினதோட ரோட்டும் தெரியேல்ல, ஒண்டும் தெரியேல்ல. நேர கொலிச் புட்போல் டீமுக்க போய் விழுந்தன்.

எங்கட டீமில நோ எண்ணெய்க்கு மட்டும் குறைவில்ல. குறைஞ்சது கோல்தான். அந்த வருசம் ஒரு மெச்சும் வெல்லேல்ல. வெல்லுறதை விடு மச்சான், ஒரு கோல்கூட அடிக்கேல்ல. நான் றைற் பெக். பந்து இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் ஓடுறதுக்கு என்னை விட்டா ஆளில்ல.

கப்டன் றொஷான், தலைமன்னார்ப் பெடியன். தேப்பன்ர மீன்பிடிப் போட்டில கடலுக்குப் போய்ப் போய் தோள் ரண்டும் கதவு மாதிரி. கோலுக்க நிக்கிறது நிசாம். அவன்ர வாப்பாவுக்கு பசாரில கடை. நாங்கள் நிசாமுக்கு வச்ச பேர் ஓட்டைவலை.

"டேய் ஓட்டைவலை, உனக்குப் பதிலா கிறவுண்டில மேயிற கழுதையை விட்டாலும் ரண்டு பந்தை மறிக்கும்" எண்டு கத்துவன்.

"விடலாம்தான். பிறகு றைற் பெக்குக்குக் கழுதை இல்லாமப் போயிடுமேடா" எண்டுவான்.

மெச் எல்லாம் வெளியூரில, போறது மீன் லொறியில. இறங்கேக்க எங்களில பாரைமீன் மணக்கும், அதுக்கு மேல நோ எண்ணெய். எங்களை மறிக்க ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். அப்பிடியிருந்தும் தோத்தம் எண்டா பாருங்கோவன்.

தோக்கிறதுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கட கிறவுண்ட் கடலோட ஒட்டினது. தென்மேற்கால வாற சோளகக் காத்து குறுக்கால அடிக்கும். கோல் விழவேணுமெண்டா கோலைப் பாத்து அடிக்கக் கூடாது. கம்பத்துக்கு வெளியால ரண்டு முழம் தள்ளி அடிக்கவேணும், மிச்சத்தைக் காத்து பாத்துக்கொள்ளும். போட்டைக் கரைக்குத் திருப்புற மாதிரித்தான். நிசாம் இதில ராசா. பிறக்டிஸில அவன் அடிச்ச பெனல்டி ஒண்டும் பிழைச்சதில்ல.

கடைசி மெச்சுக்கு முதல்நாள் எங்கட பீ.ரி. சேர் கூப்பிட்டார். "தம்பிமார், ஒரு கோல். ஒண்டே ஒண்டு. இல்லாட்டி வாற வருசம் டீம் இல்ல. கிரிக்கட்காரர் கிறவுண்டைக் கேட்டு நிக்கினம். நான் இனி என்னத்தைச் சொல்லி மறிக்கிறது?"

எனக்கும் றொஷானுக்கும் படிப்பு ஒரே அளவுதான் ஏறும். அவன் கொலிச்சுக்கு வாறதே அந்தப் பந்துக்கு. டீம் இல்லையெண்டா அடுத்த நாளே தேப்பன் போட்டில ஏத்திப்போடுவார்.

அந்த மெச் முருங்கன் பக்கம், வயலுக்கு நடுவில ஒரு கிறவுண்டில. நாலு கோல் வாங்கியாச்சு. முடியப்போற நேரம் அவங்கட பெக் ஒருத்தன் கையால பந்தைத் தட்டிப்போட்டான். பெனல்டி!

நாங்கள் சிலுவை போட்டம். றொஷான் பந்தைத் தூக்கினான். அவன்தான் அடிக்கப்போறான் எண்டு நினைச்சா, மற்றக் கரையில நிண்ட கீப்பரைக் கூப்பிடுறான்.

"நிசாம், வாடா இஞ்ச."

"எனக்கு வேண்டாம் மச்சான். நீ அடி."

"வருசம் முழுக்க வாங்கினவன் நீ. ஒண்டையாவது குடுத்திட்டுப் போ."

நிசாம் வந்தான். பிஸ்மில்லா சொன்னான். அடிச்சான். என்ன அடி! கம்பத்துக்கு வெளியால ரண்டு முழம், அச்சொட்டா எங்கட கிறவுண்டில அடிக்கிற அதே இடம். நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு, இப்ப வளையும், இப்ப வளையும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம்.

அண்டைக்கு முருங்கனில ஒரு சொட்டுக் காத்தில்ல. வயலில நெல்லுக்கூட அசையேல்ல. பந்து நேர போய் சேத்துக்க விழுந்தது. அவங்கட கீப்பர், இவனென்ன வயலுக்கு அடிக்கிறான் எண்ட மாதிரிப் பாத்தான். கரையில நிண்ட சேரும் கையைத் தூக்கினபடிதான் நிண்டவர், பாவம்.

திரும்பி வரேக்க லொறியில நிசாம் ஐஸ் பெட்டிக்கு மேல குந்தியிருந்து சப்பாத்தில ஒட்டின சேத்தைச் சுரண்டிக்கொண்டு வந்தான். எங்கட தீவுக்கு வாற பாலம் தாண்டினதும் கடற்காத்து லொறிக்குள்ள அடிச்சுது. அப்பதான் றொஷான் சொன்னான்.

"நல்ல அடியடா. ஊரிலயெண்டா கோல்."

நிசாம் சிரிச்சான். பிறகு போட்டிருந்த சேட்டால முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்த வருசம் டீம் இல்ல. றொஷான் போட்டுக்குப் போய், அங்கயிருந்து பிரான்சுக்குப் போயிட்டான். நிசாம் கட்டாரில. கோல் கம்பங்களை வெட்டி எடுத்திட்டாங்கள், அந்த இடத்தில இப்ப கிரிக்கட் பாய் விரிச்சிருக்கு. சோளகம் பிறந்தா பந்தை எங்க தள்ளி அடிக்கிறதெண்டு தெரிஞ்ச கால் ஒண்டும் இப்ப இஞ்ச இல்ல.

இவ்வளத்தையும் எழுதி முதலில றொஷானுக்குத்தான் அனுப்பினன். "அண்டைக்கு நீ அடிச்சிருந்தா டீம் தப்பியிருக்குமெல்லேடா?" எண்டும் கேட்டன்.

ஒரு வரிதான் வந்தது: "நானும் வெளியாலதானடா அடிச்சிருப்பன்."