லிப்ட் கணக்கு

போன வருடம், பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருந்த சமயம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பாடநூல் மட்டும் போதாது என்று இணையத்தில் பயிற்சித்தாள்களைத் தேடித் தேடி அலுத்துப் போயிருந்தேன். எதைத் திறந்தாலும் பனிமனிதனும் ஆப்பிள் தோட்டமும்தான். எங்கள் ஊர் வெயிலில் பனிமனிதனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஒருநாள் எனக்கே ஒரு யோசனை வந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள். அட்டையில் பத்து மாடிக் கட்டடம் செய்து, கயிற்றில் ஏறி இறங்கும் லிப்ட் ஒன்றைத் தொங்கவிட்டேன். இரண்டாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்குப் போக எத்தனை மாடி ஏற வேண்டும்? இப்படித்தான் கேள்விகள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு சிறுமிக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. பைராம் என்ற எஸ்டேட்டிலிருந்து அந்த வருடம்தான் நகரத்துக்கு, ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவள். ஆறாம் மாடிக் கேள்விக்கு மூன்று என்றாள். தவறு போட்டேன். மறுநாளும் அப்படியே. பிள்ளைகள் சிரித்தார்கள். நாளாக ஆக, சாதாரணக் கழித்தலைக்கூடத் தொடாமல் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று அவளே சொன்னபோது, பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அவள் அம்மாவுக்குப் பத்து காவான் என்ற ஊரில், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பள்ளிக்கு வர நேரம் கிடைக்காது. நானே ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். புதிய கட்டடம், குடியிருப்பவர்களின் நுழைவு அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. தாயும் மகளும் கீழே வந்து அழைத்துப் போனார்கள்.

லிப்டில் சிறுமி எக்கி ஆறை அழுத்தினாள். நான் சும்மா மேலே எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு, மூன்று, ஐந்து. பொத்தான்களைப் பார்த்தேன். அங்கேயும் நாலு இல்லை.

"சீனவங்களுக்கு நாலு ஆகாதுல்ல டீச்சர், அவங்க பாஷையில சாவுன்னு கேக்குமாம், அதான் வைக்கல" என்றார் அம்மா. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது புதுச்செய்தி இல்லை. ஆனால் தரைவீட்டில் வாழும் எனக்கு அது ஒருநாளும் கணக்காகத் தோன்றியதில்லை.

சிறுமியிடம் மெதுவாகக் கேட்டேன். "ரெண்டுலேருந்து ஆறுக்கு மூனுன்னு சொன்னியே, எப்படிம்மா வந்துச்சு?"

அவள் பயந்துகொண்டே பொத்தான்களைத் தொட்டுக் காட்டினாள். "மூனு, அஞ்சு, ஆறு. மூனு மாடிதானே டீச்சர்?"

அவள் வாழ்க்கையில் பார்த்த முதல் லிப்ட் அதுதான். அதை வைத்து அவள் போட்ட கணக்கு அத்தனையும் சரி.

வீட்டுக்குள் போனதும் அம்மா, "இவளுக்கு ஏதாச்சும் பிரச்சனையா டீச்சர்? கணக்கு வராட்டி ஏதோ கோளாறுன்னு நெட்ல பார்த்தேன், பயமா இருக்கு லா" என்றார். குறைநீக்கல் வகுப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது, கேள்விதான் அவள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று விளக்கினேன். அம்மா மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒவ்வொருவரும் அவரவர் கட்டடத்து லிப்டை வரைந்து கணக்குப் போட்டார்கள். அவள் முன்னால் வந்து, தன் லிப்டில் ஏன் மூன்று, அட்டை லிப்டில் ஏன் நாலு என்று வகுப்புக்கே விளக்கினாள். முன்பு சிரித்தவர்கள் எல்லாரும் அவள் லிப்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

இப்போதும் வகுப்புக்குப் புதிதாக ஏதாவது தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் தவறு போடுவதற்கு முன், அது எப்படி வந்தது என்று கேட்டுவிடுகிறேன். அன்று அந்த லிப்டில் ஏறாமல் இருந்திருந்தால், சரியாக எண்ணத் தெரிந்த ஒரு பிள்ளை தனக்குக் கணக்கு வராது என்று நம்பியே வளர்ந்திருப்பாள்.