காதை அடைத்துக்கொண்ட நாற்பத்தாறாம் நம்பர்

போன சித்திரையில் நடந்தது இது. கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் கண் பிரிவில், திங்கட்கிழமை காலை. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், அன்றைக்கு டாக்டரைப் பார்த்தால்தான் தேதி கொடுப்பார்கள். அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தடை முடிவதற்குள் கண்ணைச் சரிசெய்துகொண்டால் முதல் நாளே கடலுக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. வருடத்தில் நல்ல மீன் படுவதே தடை முடிந்த அந்த நாட்களில்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கூத்து புரியாது. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். எனக்கு எழுத்தும் எண்ணும் இடம் மாறித் தெரியும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்றார்கள், வீட்டில் சோம்பேறி என்றார்கள். முப்பது வயது தாண்டித்தான் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், கூடவே கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஹெச்டியும் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே போனில் வந்த ஒரு குட்டி வீடியோவால்தான். யாரோ ஒரு பெண் ஒரே நிமிடத்தில் என் கதையை அப்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் "அந்தப் போனைத் தூக்கிப் போடு" என்று யாராவது புத்தி சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்குப் பேப்பர் இருக்கிறது, எனக்கு இதுதான் பேப்பர். கம்பெனியில் ஒட்டுகிற நோட்டீசைக்கூட போன்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறது. ஆனால் அதே சனியன்தான், ஒன்றைப் பார்க்க எடுத்தால் நாற்பதைக் காட்டாமல் விடுவதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்பார்கள். எல்லோருக்கும் ஒரு பிரேக் இருக்கிறது. என் பிரேக் மட்டும் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்த சீட்டு நாற்பத்தாறு. சுவரில் சிவப்பு விளக்கில் நம்பர் ஓடும், கதவருகே நின்று சிஸ்டரும் கூப்பிடுவார். அப்பாவுக்குக் கண் மங்கல், எஞ்சின் சத்தத்திலேயே காலம் கழித்ததில் காதும் மந்தம். எனக்கு நாற்பத்தாறு அறுபத்துநான்காகத் தெரியும். ஆக எங்கள் இருவரிடமும் சேர்த்து உருப்படியாக இருந்தது என் இரண்டு காதுகள்தான். அப்பா சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "கூப்டறத பாத்துக்க பாப்பா" என்றார். நான் பெரிய மனுஷி மாதிரி, "நீ நிம்மதியா உக்காருப்பா, நான் கேட்டுக்கறேன்" என்றேன்.

அப்போது இருபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நேரம் இருக்கிறதே என்று போனை எடுத்தேன். பக்கத்தில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு அக்கா, விழுப்புரம் பக்கமாம், "ஏம்மா, சத்தத்த கொறச்சிக்கம்மா, நாலு பேரு இருக்கற எடம்" என்றார். நியாயம்தானே. பையிலிருந்து இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நடந்துகொள்கிறோம் என்று மனதுக்குள் பெருமை வேறு.

என்ன வீடியோ பார்த்தேன் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கவனம் நிலைக்காதவர்கள் குட்டி வீடியோ பார்ப்பதைக் குறைக்க ஐந்து வழிகள். மூன்று வழி சொல்லிவிட்டு மீதி அடுத்த பாகத்தில் என்றான் அந்தப் பாவி. அடுத்த பாகத்தைத் தேடிப் போனவள் போனவள்தான்.

தலையை நிமிர்த்தியபோது ஹாலில் பாதிக் கூட்டம் இல்லை. அப்பா சாமி முன்னால் இருக்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எந்த நம்பர் ஓடுகிறது என்று அந்த அக்காவிடம் கேட்டேன். எழுபத்தொன்று என்றார். என் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நாப்பத்தாறு நீங்களா? மூணு வாட்டி கத்துனாங்களேம்மா. நீ பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கினு இருந்த, உன்னுது வேற நம்பர்னு நெனச்சிக்கினேன்."

ஆமாம், தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வீடியோக்காரன் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டு.

சிஸ்டர் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. மாமியார் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றிவிட்டு இரண்டாம் தடவை உள்ளே போகக் காத்திருந்த அந்த அக்காதான் எழுந்து வந்து, "காலையிலேர்ந்து இங்கயேதான் இருக்காங்க சிஸ்டர், நான் சாட்சி. பெரியவர் பாவம், கடைசியிலயாவது உடுங்க" என்று மன்றாடினார். சத்தத்தைக் குறைக்கச் சொன்ன அதே அக்கா. கடைசி ஆளாக எங்களை உள்ளே விட்டார்கள்.

டாக்டர் பார்த்தார். ஆனால் தேதியை வரிசைப்படிதான் கொடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போனவர்களோடு வைகாசித் தேதியெல்லாம் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு ஆனியில் கிடைத்தது. அதற்குள் தடை முடிந்து படகெல்லாம் கடலில் இறங்கிவிடும். பஸ்ஸில் வரும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர், "சரி, போவுது வுடு" என்று மட்டும் சொன்னார்.

ஆனி மாதம் ஆபரேஷனுக்குப் போனோம். அன்றைக்கு இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன், போன் பைக்குள் கிடந்தது. அதே பெஞ்சு. அப்பா சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம், "முப்பத்தொண்ணு கூப்டா கொஞ்சம் சொல்லும்மா, எனக்குக் காது கேக்காது" என்றார்.

நான் பக்கத்திலேயே இருக்கிறேன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கோபத்தில் சொல்லவில்லை. வேலை நடக்க வேண்டுமே என்றுதான் சொன்னார். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வீடியோ பார்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, இயர்போன் இல்லாமல், மூன்று விசில் வரைக்கும் பார்க்கிறேன். மூன்றாவது விசிலுக்கு எழுந்துதான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் சோறு குழைந்துவிடும். சில நாள் குழைந்தும் போகிறது, என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார். ஆனால் வரிசையில் உட்காரும் இடத்தில் மட்டும் காதில் எதையும் மாட்டுவதில்லை.

அடுத்த மாதம் இடது கண்ணுக்குப் போகிறோம். அன்றைக்கும் நான் கையை நீட்டத்தான் போகிறேன். அப்பா சீட்டை அதில் வைக்கும்வரை, அந்தக் காலையில் நான் அடைத்துவைத்த இரண்டு காதுகளும் அவருக்குக் கடன்பட்டவைதான்.