அப்பா வாங்கிய கோப்பை

நானும் அவனும் மாதாப்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். எனக்கு அவனிடம் பிடித்தது அவனுடைய கூச்சமின்மை. ஓட்டலில் சாப்பாடு ஆறியிருந்தால் திருப்பி அனுப்புவான். நானோ சோற்றில் கல் கிடந்தாலும் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறவள். நான் பந்தா இல்லாத பெண்ணாம், அதுதான் அவனுக்குப் பிடித்ததாம். அடேயப்பா, பந்தா பண்ண எங்கள் வீட்டில் என்ன இருந்தது?

என் அப்பா திருமுல்கேரியில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பரிமாறி ஓய்வு பெற்றவர். அவனுடைய அப்பா அப்படிப்பட்ட மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டு ஓய்வு பெற்ற அதிகாரி. இரண்டுமே வெளிமாநிலத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள்தான். "இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கறா?" என்றான். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிறு காலை லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்குக் கல்யாணம் பேசி முடிக்க வந்தார்கள். இது அமைய வேண்டுமே என்று என்னைவிட அப்பாவுக்குத்தான் தவிப்பு. காபித் தட்டை நான் எடுக்கப் போனபோது தடுத்துவிட்டார்.

"நக்கோம்மா, வேணாம், நீ சிந்திடுவ. குடு, இது என் வேலை."

"நீங்களும் உட்காருங்க," என்றார் அவனுடைய அப்பா. நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது.

"இருக்கட்டும் சார்."

ஒவ்வொருவர் பக்கமும் குனிந்து காபி கொடுத்துவிட்டு அப்பா சுவரோரமாக நின்றுகொண்டார். அவனுடைய அப்பா அமெரிக்காவில் இருக்கும் மூத்த மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காபி முடிந்தது. பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், காலிக் கோப்பையைத் தோளுக்குப் பக்கத்தில் நீட்டினார். வாங்க அங்கே ஒரு கை இருக்கும் என்பது அவருக்குப் பழக்கம். இருந்தது. அப்பா வாங்கிக்கொண்டு, "சார்" என்றார்.

யாரும் கவனிக்கவில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். நான் ஆசைப்பட்ட கூச்சமின்மை எந்த வீட்டில் வளர்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும், யாராவது முகம் பார்க்காமல் கை நீட்டினால் நான் நகர்ந்துவிடுகிறேன்.

மறுநாள் அவனிடம் வேண்டாம் என்றேன். "எங்கப்பா என்ன தப்பா பேசிட்டார்? சொல்லேன்!" என்று கெஞ்சினான். தப்பாக ஒன்றும் பேசவில்லையே, என்னத்தைச் சொல்ல?

அப்பாவிடம் சொல்வது அதைவிடக் கொடுமை. காரணத்தைச் சொன்னால், அவர் என்ன செய்தார் என்பதை அவருக்கே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். "எனக்குப் பிடிக்கலப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"ஏம்மா? எவ்ளோ பெரிய மனுஷன்! கப்பைக் கீழ வைக்காம என் கையிலயே குடுத்தாரே, பாத்தியா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ மறைக்கற. அவுங்கதான வேணாம்னாங்க? என்னாலதான?"

இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். "ஹவ், ஹவ், சரிம்மா" என்று தலையாட்டினார். நம்பவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு வரன் வந்தது. வாத்தியார் குடும்பம். காபி குடித்துவிட்டு, "பொண்ணோட அப்பா எங்கே?" என்று கேட்டார்கள். அவசர வேலையாக வெளியே போயிருக்கிறார் என்று அம்மா சமாளித்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பஸ்கள் வந்தன, போயின. அவர்கள் கிளம்பும்வரை அவர் எதிலும் ஏறவில்லை.