அந்தோணியார் பெட்டியில் நான் போட்ட சீட்டு

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தேன். பக்தியால் போனேன் என்று எழுத ஆசைதான், வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டுகிறவன் நான். ஒன்பதாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். என் மகள் தீபா, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் சார்லஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். பையன் கத்தோலிக்கன்.

"அவங்க ஊர்த் திருவிழாவுக்கு வா, நைனா. அவங்களப் பார்த்துட்டு அப்புறம் சரியா இல்லையான்னு சொல்லு. நீ வேணாம்னா வேணாம்."

ஆக, பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் இந்தப் பயணம்.

காலை 5.10க்கு நகரியில் பஸ் ஏறினேன். டிக்கெட் 80 ரூபாய். 6.40க்குத் திருப்பதி. பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திருமலையிலிருந்து இறங்கிய மொட்டைகள். நடுவில் முடியோடு நின்ற என்னை, ஸ்ரீசிட்டியிலிருந்து வந்து காத்திருந்த தீபா சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டாள். 7.05க்குச் சித்தூர் எக்ஸ்பிரஸ், ஆளுக்கு 120 ரூபாய், சுமார் எழுபது கிலோமீட்டர். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், சந்திரகிரி வரை மலை கூடவே வரும். நான் இடது பக்கம் உட்கார்ந்து ஒரு தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

8.55க்குச் சித்தூர். இட்லி, வடை முடித்து ஆட்டோ பிடித்தோம். 11 கிலோமீட்டருக்கு 250 ரூபாய். பதினைந்து நிமிஷத்தில் போக வேண்டியது நாற்பது நிமிஷம் ஆனது. ஜூன் மாதமல்லவா, ஜூஸ் பேக்டரிக்குப் போகும் மாங்காய் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. வழியெல்லாம் அந்த வாசனை! அதற்காகவே ஒரு முறை போகலாம்.

ஆட்டோக்காரர் தெலுங்கும் தமிழுமாகப் பேசிக்கொண்டே வந்தார். "அந்தோணி தேவுடு சால பவர் அண்ணா. மங்களவாரம், அதான் செவ்வாக்கெழம, வந்து ஒரு சீட்டு எழுதிப் பொட்டியில போட்டா வேலை முடிஞ்சிடும். எங்க ஊட்டு எருமை காணாப்போயி மூணாம் நாள் வந்துடுச்சி."

எருமையே வந்தது என்றால் என் வேலை எம்மாத்திரம்?

கோயிலில் கால் வைத்ததும் எனக்குப் பெரிய ஆச்சரியம். பூ ஜோடித்த சப்பரம், உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்கிறவர்கள், மெழுகுவர்த்தி வரிசை, ஒரு குழந்தைக்கு மொட்டைகூட! கையில் குழந்தை இயேசுவோடு நிற்கும் அந்தோணியார்தான் மூலவர் என்று நானே தீர்மானித்துவிட்டேன். வாசலில் மரப்பெட்டி, பக்கத்தில் வெள்ளைச் சீட்டுகள், நூலில் கட்டிய பேனா. உண்டியல் மாதிரி, போட்டால் எனக்கும் சாமிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். மகள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. தீபா செருப்பு விடப் போன நேரத்தில் எழுதினேன்:

"தீபா, சுவாதி நட்சத்திரம். அவள் மனசு மாறணும். இந்தச் சம்பந்தம் தானாக நின்றுபோகணும். செய்தால் மொட்டை போடுகிறேன். இப்படிக்கு, நகரி முனுசாமி."

நான்காக மடித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போய் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்துத் திறந்தார்கள்.

"எதுக்கும்மா தொறக்கறாங்க?"

"படிக்கத்தான், நைனா. மைக்ல. எல்லாரும் சேர்ந்து வேண்டிக்குவாங்க."

சீட்டில் பெயரும் ஊரும் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெலுங்குச் சீட்டுகளை ஒருவர் எடுத்துக்கொண்டார். தமிழ்ச் சீட்டுகளைப் படிக்க ஒரு அம்மா எழுந்து போனார். "அவங்கதான் சார்லஸோட அம்மா, ஆரோக்கியமேரி டீச்சர்" என்றாள் தீபா, பெருமையாக.

ஒருத்தருக்குக் கிட்னியில் கல், ஒருத்தருக்குப் போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை, ஒருத்தருக்கு மாங்காய்க்கு விலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னூறு பேர், "புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். நாலைந்து சீட்டுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. 'தாரும்' என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. 'எங்களோடு சேர்ந்து நீரும் கேளும்' என்கிறார்கள்!

அதற்குள் நான்காக மடித்த சீட்டு டீச்சர் கைக்கு வந்துவிட்டது. பிரித்தார். நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். என் மகள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். எழுந்து ஓடலாம் என்றால் செருப்பு எங்கே இருக்கிறது என்று தீபாவுக்குத்தான் தெரியும்.

"ஒரு தகப்பன்" என்றார் டீச்சர். "மகளை நெனச்சி மனசுல பெரிய பாரத்தோட வந்திருக்கார். அவருக்காக."

முன்னூறு பேரும் எனக்காக வேண்டிக்கொண்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக என் மகள்.

பூசை முடிந்து பந்தலில் சாப்பாடு. (இலவசம், சாம்பார் பிரமாதம்.) கை கழுவும் இடத்தில் டீச்சர் தனியாக வந்து சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத நீங்களே வச்சிக்கோங்கண்ணா."

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. உங்க சாமிகிட்டயே உங்களப் பத்திக் கோள் மூட்டிட்டேன்."

சிரித்துவிட்டார். "அவரு சாமி இல்லண்ணா. சாமிய நம்பி நல்லபடியா வாழ்ந்துட்டுப் போன மனுசன். எங்க சொந்தத்துல வேற சபைக்குப் போனவங்க, சிலையக் கும்புடறீங்கன்னு எங்களத் திட்டறாங்க. நீங்க என்னடான்னா சிலைக்கு மொட்டையே போடறேங்கறீங்க. நடுவுல நாங்க எங்க போறது?"

"புரிஞ்சிடுச்சி. திருமலை தரிசனத்துக்கு எம்எல்ஏ லெட்டர் மாதிரி, சிபாரிசு."

"லெட்டர் குடுத்தவரு உங்ககூட க்யூவுல வந்து நிப்பாரா? இவரு நிப்பாரு."

தைரியத்தை வரவழைத்துக் கேட்டேன். "எம் பொண்ணு மதம் மாறணுமா?"

"வேணாம். பிஷப்புகிட்ட அனுமதி வாங்கினா போதும். அவ அவளாவே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தச் சீட்டுல இருக்கறதுதான் உங்க முடிவுன்னா இப்பவே சொல்லிடுங்கண்ணா. புள்ளைங்க ரெண்டும் அங்க காத்துக்கினு இருக்குதுங்க."

பந்தல் மூலையில் தீபாவும் சார்லஸும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். முன்பின் தெரியாத என்னையே அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்காதவர், வீட்டுக்கு வரும் மருமகளையா விட்டுக்கொடுக்கப் போகிறார்?

"ஆவணியில ஊட்டுக்கு வாங்க டீச்சரம்மா. தட்டு மாத்திக்கலாம்."

மாலை ஐந்து மணிக்குச் சப்பரம் கிளம்பியது. ஒரு பக்கம் சார்லஸ், ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தோம். அரை கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம்!

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும்போது ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்தவரிடமே நேரம் சொல்லி வையுங்கள். அர்ச்சனைத் தட்டு வேண்டாம், மெழுகுவர்த்தி பத்து ரூபாய்க்கு வாசலிலேயே விற்கிறார்கள். தெரியாததைக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஊர்ப் பெயரை நான் போடவில்லை. சித்தூர் ஆட்டோக்காரர்களிடம் அந்தோணியார் என்றாலே போதும்.

திருப்பதி பஸ்ஸில் தீபா என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "ஒரு தகப்பன்னு படிச்சாங்களே நைனா, பாவம், அந்தாளு பொண்ணு எப்படி இருக்குதோ?"

"நல்லாத்தான் இருக்கும். தூங்கு."

தையில் கல்யாணம் முடிந்தது. அந்தத் தகப்பன் யார் என்று அவள் இந்தப் பதிவில்தான் படிக்கப் போகிறாள். போனை அணைத்து வைத்துவிட்டுத் தறிப் பக்கம் போகிறேன். அங்கே இருக்கும் சத்தத்தில் யார் திட்டினாலும் கேட்காது.