ஓகே காட்டிய கை

காற்றழுத்தம் காட்டும் கேஜின் முள் சிவப்புக் கட்டத்தில் கடைசிக்கு வந்திருந்தது. சிலிண்டரில் காற்று தீரப்போகிறது. கடலுக்கடியில் அந்தக் கேஜைக் கையில் பிடித்திருந்த சரோஜினி அக்கா எனக்கு ஓகே காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சொந்த ஊர் தொண்டாமுத்தூர். கரீபியன் கடலில் ஒரு தீவில் சில வருடங்கள் ஸ்கூபா பயிற்சியாளராக இருந்தேன். பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தும் சரோஜினி அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அங்கே வந்து என்னிடம் கோர்ஸ் முடித்தார்கள். அக்காவுக்குப் பிரஷர் கேஜ் தினமும் புழங்கும் சாமான். அதனால் அவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் ஓகே. தண்ணீருக்குள் கேள்விக்கும் அதுதான், பதிலுக்கும் அதுதான். காற்று குறைந்தால் முஷ்டியை மடக்கிக் காட்ட வேண்டும். இதைக் கரையில் பலமுறை செய்து பார்த்திருந்தோம்.

அன்றைக்கு எதிர்நீரோட்டம். அக்கா கொஞ்சம் திணறித்தான் நீந்தினார். ஓகேவா என்று கேட்டேன். ஓகே என்றார். அவர் வீட்டுக்காரர் பாறையோரம் ஓர் ஆமையைக் கண்டு சொக்கிப்போய் நின்றிருந்தார். அவர் பக்கம் போனவன், மனசு கேட்காமல் திரும்பி வந்து அக்காவின் கேஜை எட்டிப் பார்த்தேன். முள் சிவப்பின் கடைசியில் நின்றது; அக்கா அப்போதும் ஓகே காட்டினார். என் சிலிண்டரில் கூடுதலாக இருந்த மூச்சுக்குழாயான மாற்று ரெகுலேட்டரை அவர் வாயில் கொடுத்து, வீட்டுக்காரரையும் சைகை காட்டிக் கூப்பிட்டு, நிதானமாக மேலே கொண்டுவந்தேன். அவசரமாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

படகில் ஏறியதும் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, முள்ளு சிவப்புக்கு வந்தத பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க தம்பி. காத்த இழுக்கறதும் செரமமாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க ஓகே காட்டுனீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நல்லா இருக்கறீங்களான்னு கேட்டீங்க. நல்லா இருக்கறேன்னுதானுங்களே சொல்லோணும்? அவரும் ஆசையா ஆமையப் பாத்துட்டு இருந்தாருங்க. நடுவால கூப்புட்டுத் தொந்தரவு பண்றதுங்களா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரை விசாரித்தாலும் இதே பதில்தான் வரும். அந்த மரியாதை ஓர் ஆளைக் கடலுக்குள்ளேயே வைத்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது கோயமுத்தூரில் ஒரு நீச்சல்குளத்தில் ஸ்கூபா பயிற்சி கொடுக்கிறேன். ஓகே காட்டினாலும் விடமாட்டேன், கேஜை நானே பிடுங்கிப் பார்ப்பேன். போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு மில் முதலாளிக்கு அதில் மனத்தாங்கல். "ஏனுங்க, நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்றார்.

"மேல வந்தப்பறம் நம்பறனுங்க" என்றேன்.