எலும்பனை யாரும் எழுப்பவில்லை

மருந்துக் கடையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹேமாவின் செய்தி வந்தது. தெலுங்கில் மூன்றே சொற்கள்: ரத்தினம் இக லேடு. ரத்தினம் இனி இல்லை. எதிரில் நின்றவர் இருமல் மருந்தை இரண்டாம் முறையாகக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் அந்தச் செய்தியை மறுபடியும் படித்தேன்.

முனிரத்தினத்தை அவன் ஊரான குடிபாலாவில் அறிந்தவர்களுக்கு அவன் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போனவன். திருப்பதியில் என் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடிய, ஹேமாவும் நானும் உட்பட, எங்கள் நால்வருக்கு அவன் வேறு ஆள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை விழுகிறபடி கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதையை நடத்தியவன் நான். ரத்தினம் ஆடியது நெக்ரோமான்சர், செத்தவர்களை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதி. அவனுக்கு எலும்பன் என்று பெயர் வைத்திருந்தான்.

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்த மாதத்தில்தான் எங்களோடு சேர்ந்தான். வைத்தியர் பாத்திரம் காலியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றான்.

"வைத்தியரு, சாமியாரு எல்லாம் காப்பாத்துறேன்னு சொல்லிக்கினே இருப்பானுங்க. இவன் ஒருத்தன்தான் செத்தது செத்ததுதான்னு ஒத்துக்கினு அப்பறமா வேலய ஆரம்பிக்கிறான்."

எலும்பனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போர்க்களத்தில் கிடக்கும் எந்தப் பிணத்தையும் பெயர் கேட்காமல் எழுப்பமாட்டான். அம்பு பாய்ந்து கிடந்த கூலிப்படையாளுக்கெல்லாம் நான் பெயர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் அலுத்துப்போய், இவனுக்குப் பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் தெரிகிறவரை இவன் கிடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டான். எங்கள் கோட்டை அன்று விழுந்தது. ஹேமா அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

நாளொன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவனுக்கு அளவு உண்டு. நாங்கள் டீ குடிக்கையில் அவன் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுடைய அம்மா சிறுநீரகம் தர முன்வந்தார். பரிசோதித்தபோது அவருக்கே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது, எடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் வீட்டில், ஆலையில், ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவனிடம் 'சரியாகிவிடும்' என்றார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக அவன் வந்த ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கியிருந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினான். ஆட்டத்தில் எலும்பன் ஒரு பாலத்தில் தனியாக மாட்டிக்கொண்டான். எதிரியின் வீச்சுக்குப் பகடை போட வேண்டியவன் நான். யாரும் பார்க்காதபடி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவது வழக்கம். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தது. அதற்கு மேல் எண்ணில்லை, எலும்பன் செத்தான் என்று பொருள். நான் ரத்தினத்தின் முகத்தைப் பார்த்தேன். ஏழு, தப்பித்துவிட்டாய் என்றேன்.

அவன் எட்டி அந்த அட்டையைத் தூக்கினான். பகடை அப்படியே கிடந்தது.

"வூட்ல பொய் சொல்றாங்க. ஆஸ்பத்திரில பொய் சொல்றாங்க. இங்க ஒன்னுலதான் வுழுந்த நம்பர அப்டியே சொல்லிக்கினு இருந்தீங்க."

பேனாவை எடுத்து எலும்பனின் தாளில் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தான். தாளை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கினான். பஸ் நிலையம்வரை கூடவே போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் வழியாகச் சொன்னான்:

"நீ நல்ல மனசோடதான்டா செஞ்ச. அதான் தாங்கல."

பிறகு அவன் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்தி அனுப்பினேன். உடம்பு சரியில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று இருமுறை பதில் வந்தது. நேரில் போயிருக்கலாம். குடிபாலா ஒன்றும் எட்டாத தூரமில்லை. அவன் என்னை வெளியே போகச் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் ஏழு ஞாயிறுகள் போய்விட்டன.

அடக்கத்துக்குப் போனபோது அவனுடைய தங்கை என்னிடம், நீங்கள் யார், ஆலையிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டாள். நண்பன் என்றேன். எங்கள் ஞாயிறுகளைப் பற்றி அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டு வகுப்புக்குப் போகிறான் என்று அவனுடைய அம்மா நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் நால்வரும் கூடினோம். கதைக்குள் எலும்பனை வேறொரு மந்திரவாதி எழுப்பலாம், விதிகளில் அதற்கு இடமிருக்கிறது என்று ஹேமா மெல்லச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். யாரும் சரி என்று சொல்லவில்லை. அன்றோடு ஆட்டம் நின்றுபோனது.

போன வாரம் என் நைனாவின் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. மருந்துக் கடையில் இருப்பவன் என்பதால் என்னைத்தான் படிக்கச் சொன்னார். அம்மா அவருக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

"இன்னாடா போட்டுக்கீது?" என்றார் நைனா.

போட்டிருந்ததைச் சொன்னேன். எங்கே, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். நல்லதா என்று எனக்குத் தெரியாது. நைனா கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்துக்கொண்டேயிருந்தார். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.