சங்குகுளிப்பவரின் கடைவாய்ப்பல்

பல்லைத் திறந்த பிறகுதான் போனைப் பார்க்க வேண்டும் என்பது விதி. முன்னாலேயே பார்த்துவிட்டால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சொத்தையின் மேல்பகுதியைச் சுத்தம் செய்து, பஞ்சை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, ஆய்வுக்காக ஏற்றிக் கொடுத்திருந்த செயலியில் ஒரு பொத்தானை அழுத்துவேன். சீட்டுக் குலுக்கி எடுத்தது போல 'முழுவதும் எடு' என்று வரும், அல்லது 'அடியில் கொஞ்சம் விடு' என்று வரும். இரண்டில் எது வரும் என்பது நாற்காலியில் வாயைத் திறந்து கிடப்பவரைப் போலவே எனக்கும் அதுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் எல்லோரும் வியாபாரிகள். கடையில் உட்காரப் பொறுமை இல்லாத பெண் என்று சொல்லித்தான் என்னைப் படிக்க அனுப்பினார்கள். பல் மருத்துவத்தைப் போல அசையாமல் உட்கார வேண்டிய வேலை வேறில்லை என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூத்துக்குடியில் உப்பு லாரிகள் ஓயாமல் போகிற ஒரு சாலையில், மாடியில் தனியாகக் கிளினிக் வைத்தேன். காலையிலிருந்து சொத்தை, மாலைவரை சொத்தை. படிக்கிற காலத்தில் வாதாட ஆட்கள் இருந்தார்கள். இங்கே நான் செய்வது சரியா என்று கேட்க ஒருவரும் இல்லை. நோயாளி திரும்பி வரவில்லை என்றால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். வேறு டாக்டரிடம் போயிருக்கலாம் என்ற நினைப்பு வந்தால் எழுந்து ஜன்னலைத் திறந்து மூடுவேன்.

அப்படி இருந்தபோதுதான் வெளியூர்க் கல்லூரி ஒன்று, பல ஊர்களில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்யப்போவதாக அறிவித்தது. கேள்வி எளிமையானது. சொத்தை நரம்புக்கு மிக அருகில் போய்விட்டால் முழுவதையும் சுரண்டி எடுப்பதா, அடியில் இருக்கிற மெல்லிய அடுக்கை அப்படியே விட்டு, மேலே காற்றும் தண்ணீரும் புகாமல் அடைத்துவிடுவதா? முழுவதும் எடுத்தால் நரம்பு திறந்துகொள்ளலாம். விட்டால் உள்ளேயே அது வளரலாம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பேராசிரியர், அழுகியதை விட்டு வைப்பவன் வைத்தியனே இல்லை என்று மேசையைத் தட்டியவர். பிறகு நான் படித்த கட்டுரைகள் விடுவதே மேல் என்றன. என் கைகள் பேராசிரியர் பக்கம் இருந்தன, தலை கட்டுரைகள் பக்கம் இருந்தது. அந்த இழுபறி தாங்காமல்தான் பெயர் கொடுத்தேன்.

ஆடிக் காற்றில் கடல் தொழில் ஓய்ந்திருந்த ஒரு காலை அவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். திரேஸ்புரத்துக்காரர், சங்கு குளிப்பவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குகிற தொழில். கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப்பல்லில் பெரிய குழி.

"ஜில்லுன்னு எது பட்டாலும் சுள்ளுன்னு இழுக்கு டாக்டரம்மா. தொழிலுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிரணும்."

எக்ஸ்ரே எடுத்தேன். நரம்பு உயிரோடுதான் இருந்தது. ஆய்வுக்கு ஏற்ற பல். இரண்டு முறைகளையும், எது நல்லது என்று இன்னும் உறுதியாகத் தெரியாததால்தான் இந்த ஆய்வு என்பதையும் விளக்கினேன்.

"எதுல சீக்கிரம் முடியும்?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் அண்ணே. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். அப்பவும் நான் பல்லை அடைச்சுத்தான் விடுவேன்."

"நீங்க பாத்துச் செய்ங்க. எனக்கு எதுனாலும் சம்மதம்."

அவர் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பல்லைத் திறந்தேன். பொத்தானை அழுத்தினேன். 'அடியில் கொஞ்சம் விடு.'

குழியின் அடியில் நனைந்த தோலைப் போலப் பழுப்பாக ஓர் அடுக்கு. ஓரங்களை மட்டும் கெட்டியாகும்வரை சுத்தம் செய்துவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. கரண்டி போன்ற அந்தச் சின்னக் கருவி தானாகவே அடியை நோக்கிப் போனது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, மருந்தை நிரப்பி, கடிக்கச் சொல்லிப் பார்த்து, அனுப்பிவிட்டேன். வலி இல்லை என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. கடலடியில் தண்ணீரின் அழுத்தம். அடைத்த பல்லுக்குள் துளி காற்று சிக்கியிருந்தாலும் ஆழத்தில் அது பல்லைப் பிடுங்குவது போல வலிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். சில சமயம் அடைப்பே உடைந்துவிடும். அடியில் மென்மையாக ஓர் அடுக்கை வேறு விட்டிருக்கிறேன். சங்கு குளிப்பவர் என்று அவர் சொன்னதைக் கேட்டும், ஆய்வில் யாரைச் சேர்க்கக்கூடாது என்ற விதிகளில் அப்படி ஒன்றும் இல்லாததால் அதை நான் தாண்டிப் போயிருந்தேன். சோற்றை அப்படியே விட்டு எழுந்தேன்.

ஆய்வை ஒருங்கிணைத்த கல்லூரியில் ஓர் இளம் டாக்டர் எங்கள் அழைப்புகளை எடுப்பார். அவரிடம் சொன்னேன்.

"கடலுக்குள்ள டைவ் பண்றவரா மேடம்?" என்றார் வியப்போடு. "இங்க யாரும் இதை யோசிக்கவே இல்லை. பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் பதில் வந்தது. விதிப்படி அவரைச் சேர்த்தது தவறில்லை. சிக்கிய காற்று இரண்டு முறையிலும் வலிக்கும். அடைப்பு இறுக்கமாக இருந்தால் பயமில்லை. ஆனால் நோயாளியின் நலன்தான் முதலில், உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் திறந்துவிடலாம், அவரை விலக்கிக்கொள்ளலாம். முடிவு உங்களுடையது. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடைப்புக்குள் இடைவெளி ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்தான் அன்றிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தேன். அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்: தொழில் தொடங்கும் முன்பு ஒருமுறை வந்து காட்டுங்கள், கீழே போகும்போது வலித்தால் உடனே மேலே வந்துவிடுங்கள். "சரி டாக்டரம்மா, சரி," என்றார். பின்னால் கேரம் போர்டில் காய் விழுகிற சத்தம் கேட்டது.

அவருக்குப் பதிலாக வந்தது அவர் மனைவி. இடுப்பில் செருகிய முந்தானையை எடுக்காமலேயே, வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி உள்ளே வந்தார்.

"பல்லுப் பூச்சிய உள்ள வச்சு அடச்சிட்டியளாமே?"

நாற்காலியில் இருந்த நோயாளி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார்.

"பூச்சி இல்லக்கா. சொத்தையோட அடியில கொஞ்சம்..."

"அவியதான் வந்து சொன்னாவ. கொஞ்சம் உள்ளேயே விட்டிருக்காம், அது தானா சரியாயிருமாம். அழுவுனத யாராவது மூடி வைப்பாவளா? மீன்ல ஒரு ஓரம் கெட்டுப்போனா அத வெட்டி எறியாம உள்ள வச்சுத் தைப்பியளா?"

நாற்காலியில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காற்றும் உணவும் கிடைக்காவிட்டால் கிருமி அடங்கிவிடும் என்பது, பல் தன் பங்குக்கு உள்ளே ஒரு சுவரைக் கட்டிக்கொள்ளும் என்பது. கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்க வீட்டு ஆளுக்கா இருந்தா இப்படித்தான் வச்சிருப்பியளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"எது நல்லதுன்னு எனக்கு உறுதியாத் தெரியாதுக்கா. தெரிஞ்சுக்கத்தான் இதைச் செய்யுதோம்."

"தெரியாத வேலைய எதுக்குச் செய்திய?"

"தெரிஞ்ச மாதிரி இத்தனை வருஷமாச் செஞ்சிட்டிருந்தேன். அதுவும் சரியான்னு தெரியல."

அவர் முகம் இறுகியது. அதைத் திறந்து முழுவதும் எடுத்துவிடச் சொன்னார். என்னுள் ஏதோ ஒன்று தளர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவரே கேட்டுவிட்டார், திறந்துவிடலாம், இனி நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் பல் அவர் கணவருடையது. அவரை அழைத்து வரச் சொன்னேன்.

அன்று மாலையே இருவரும் வந்தார்கள். கணவர் வெட்கத்தோடு ஓரமாக நின்றார்.

"திறந்தா நரம்பு தெறந்துக்கிடும்னு சொன்னியள்லா?"

"தெறந்துக்கலாம். தெறக்காமலும் இருக்கலாம்."

"இப்ப வலிக்கல. சோடா குடிச்சாலும் ஒண்ணும் செய்யல. வலிக்காத பல்ல எதுக்கு நோண்டணும்? இருக்கட்டும்."

"கடலுக்குள்ள போயி வலிச்சா என்ன செய்விய?" என்றார் மனைவி.

"வலிச்சா மேல வருவேன். காது வலிச்சா வாரேன்லா, அது மாதிரி."

மனைவி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். பல்லை அப்படியே விட்டோம்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. காயல்பட்டினத்திலிருந்து வருகிற ஒரு பள்ளி ஆசிரியைக்கு 'முழுவதும் எடு' என்று வந்தது. என் கைகளுக்குப் பழக்கமான, மனதுக்கு உவப்பான வேலை. ஆனந்தமாகச் சுரண்டினேன். கடைசிச் சுரண்டலில் அடியில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது. நரம்பு. அவருக்கு ரூட் கேனால் செய்ய வேண்டியதாயிற்று. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எந்த டாக்டரும் இப்படித்தான் செய்திருப்பார் என்று நினைத்திருப்பார். அது உண்மையும்கூட. வீட்டுக்கு வந்து, மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் உதறி மறுபடி மடித்தேன். விட்டதற்காகச் சங்கு குளிப்பவரை நினைத்துத் தவித்தேன், விடாததற்காக ஆசிரியையை நினைத்துத் தவித்தேன்.

காற்று தணிந்தது. சங்கு குளிக்கப் போகலாம் என்று கரையில் பேச்சு வந்ததும் அவர் சொன்னபடி வந்து பல்லைக் காட்டினார். அடைப்பு உறுதியாக இருந்தது. "திங்கக்கிழமை போறோம். பத்துப் பாகம் வரைக்கும் எறங்குவோம்," என்றார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். மனதுக்குள் பத்துப் பேரைக் கை விரித்து ஒருவர் தலைமேல் ஒருவராக நிற்க வைத்துப் பார்த்தேன்.

திங்கள்கிழமை காலையில் எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பல்லை மரத்துப்போக ஊசி போடப்போனேன்; உதவிக்கு இருக்கும் பெண் "டாக்டர்!" என்று கையைத் தொட்டாள். மத்தியானத்துக்கு மேல் வர வேண்டியவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

திரேஸ்புரம் கரையில் வெயில் இன்னும் தாழவில்லை. வள்ளங்கள் திரும்ப நேரமாகும் என்றார்கள். வலை காயப்போட்டிருந்த இடத்தில் ஒரு நிழலைப் பிடித்து நின்றேன். நிற்க முடியாமல் நடந்தேன். மருத்துவர் என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் என்ன சொல்வது என்று கூசியது. அப்போது பின்னாலிருந்து குரல்.

"இங்க என்ன டாக்டரம்மா?"

அவர் மனைவி. தலையில் துண்டு போட்டிருந்தார். பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்.

"நீங்களும் பயந்துட்டுத்தான் வந்திருக்கிய."

"ஆமாக்கா."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நகர்ந்து, கவிழ்த்திருந்த ஒரு படகின் நிழலில் எனக்கும் இடம் விட்டார். அவர் பயம் எனக்குப் புதிதாக இருந்தது. பல்லைப் பற்றி மட்டும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து, கணவர் கடலில் இறங்குகிற ஒவ்வொரு முறையும் மேலே வருவாரா என்று இங்கே வந்து நிற்பாராம். சில வருஷம் முன்பு கணவரின் தம்பி கடலடியிலிருந்து நின்று நிதானிக்காமல் வேகமாக மேலே வந்ததில், அழுத்தம் சட்டென்று குறைந்து கால் விளங்காமல் போய்விட்டது. "இத்தனை பயத்துக்கு நடுவுல நீங்க வேற ஒண்ணு வச்சு அனுப்பிட்டிய," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

வள்ளம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். சிலிண்டர்களை இறக்கினார்கள். அவர் கடைசியாக, கையில் ஒரு சாக்கோடு, முட்டளவு தண்ணீரில் நடந்து வந்தார். மனைவி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டார்.

"வலிச்சுதா?"

"எது?"

"பல்லு!"

அவர் நாக்கால் கடைவாயைத் துழாவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னைக் கவனித்தார்.

"அட, டாக்டரம்மா! கீழ போனா சங்கு கண்ணுல படுதா, காத்து எம்புட்டு இருக்குன்னுதான் நெனப்பு இருக்கும். பல்லெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

மனைவி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருமுறை, குளிர்ந்த மோர் பட்டு லேசாகச் சுள்ளென்றது என்று வந்தார். நான் அவசரமாக எக்ஸ்ரே எடுத்ததுதான் மிச்சம். பக்கத்துப் பல்லில் ஈறு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வருஷம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் நரம்புக்கு மேலே ஒரு வெண்மை தெரிந்தது. பல் தன் சுவரைக் கட்டத் தொடங்கியிருந்தது. கல்லூரியில் இருந்த இளம் டாக்டரிடம் சொன்னேன். அவரும் ஒரு செய்தி சொன்னார்: புதிதாகச் சேர்ப்பவர்களிடம் என்ன தொழில் என்று கேட்கிற இடத்தில், கடலுக்குள் இறங்குபவரா என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறார்களாம். எல்லா ஊர்களிலும் அதைக் கேட்கிறார்கள். மலையடிவார ஊரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டர் இது எதற்கு என்று கேட்டாராம்.

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. ஒரு பல் பிழைத்ததாலோ, இன்னொன்றின் நரம்பு போனதாலோ எதுவும் தீர்மானமாகாது என்பது எனக்குத் தெரியும். எல்லாக் கிளினிக்குகளின் கணக்கும் சேர வேண்டும். அதுவரை ஆழமான சொத்தையோடு யாராவது வந்தால் அவர் என்ன வேலை செய்கிறார், எங்கே போய் வருகிறார், வீட்டில் யாரிடம் இதைச் சொல்வார் என்றெல்லாம் விசாரிக்கிறேன். வெளியே காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். போன வாரம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் ஒருவர், "பல்லுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்?" என்றார். தெரியாது, சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார்.